பௌர்ணமிக்கு முந்தின நாள் நான் அணைத்த எச்சரிக்கை

விர்ச்சுவல் மெமரி கம்மியாக இருக்கிறது என்று ஒரு பழைய கம்ப்யூட்டர் புலம்பினால் எந்தப் பக்கத்தைத் திறந்து எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரப் போவதில்லை. போனில் தேடினால் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும். அந்த எண்ணை மாற்ற நன்றாகத் தெரிந்த ஒருவன் ஒன்பது வயதுப் பெண் குழந்தையைக் கிட்டத்தட்ட சாகக் கொடுத்த கதையைத்தான் சொல்ல வந்தேன். அந்த ஒருவன் நான்தான். திருவண்ணாமலையில் இருபத்தெட்டு வருஷம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தவன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பெருமையடித்துக்கொள்கிற கதைகளும் என்னிடம் நிறைய உண்டு. அவற்றை டீக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் சர்வீஸ்காரர்களுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. உங்களில் சிலர் இன்னும் செய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், அதனால்தான் எழுதுகிறேன். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி போகாது. தடுப்பு போட்டுவிடுவார்கள். ஒரு கடையில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும். அதனால் முந்தின நாளே எல்லா வாடிக்கையாளர்களிடமும் ஒரு சுற்று போய், ரெண்டு நாளைக்குத் தாங்குகிற மாதிரி எதையாவது செய்து வைத்துவிட்டு வருவோம். சரிபார்க்க நேரம் இருக்காது. போன் வரக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. நான் அதில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவன்.

அது ஓர் ஐப்பசி பௌர்ணமி. முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்குத் தேரடி வீதிப் பக்கம் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போனேன். அங்கே ரத்த அணுக்களை எண்ணுகிற மெஷின் ஒன்று உண்டு. அதோடு ஒரு பழைய கம்ப்யூட்டர். மெஷினுக்கான சாப்ட்வேர் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும், எழுதிக் கொடுத்த கம்பெனியே இப்போது இல்லை. அதனால் எல்லாரும் புதுசுக்கு மாறின பிறகும் அந்தப் பெட்டியை நான் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கே டெக்னீஷியன் சுமதி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஊசி குத்தினால் குழந்தைகள்கூட அழாது, அப்படி ஒரு கை. என்னைப் பார்த்ததும் ஸ்கிரீனின் மூலையைக் காட்டினார்.

"சார், இந்த மஞ்சக் கட்டம் ஒரு வாரமா வந்துக்கிட்டே இருக்கு. விர்ச்சுவல் மெமரி கம்மின்னு சொல்லுது. முன்னயெல்லாம் வராது. ஏன் திடீர்னு வருதுன்னு பாருங்களேன்."

ஏன் என்று பாருங்கள். எவ்வளவு சரியான கேள்வி! நான் வாட்ச்சைப் பார்த்தேன். இன்னும் பன்னிரண்டு இடம் பாக்கி.

"நாளைக்குப் பௌர்ணமிம்மா. நாளான்னிக்கு வந்து நிதானமா பாக்கறேன். இப்ப வராதபடி பண்ணிடறேன்."

"வராதபடி பண்ணிட்டா சரியாயிடுமா சார்?"

"உன் வேலை நிக்காது, அது போதுமில்ல?" என்றேன். கொஞ்சம் சிடுசிடுப்பாகவே சொன்னேன்.

இதற்கு அர்த்தம் தெரியாதவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. சமையல் மேடையில் இடம் போதவில்லை என்றால் சில பாத்திரங்களைத் தரையில் இறக்கி வைப்போம் இல்லையா? கம்ப்யூட்டரும் மெமரியில் இடம் பத்தாதபோது ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடத்தைப் பிடித்து அங்கே இறக்கி வைக்கும். அதுதான் விர்ச்சுவல் மெமரி. நான் செய்தது, அந்தத் தரை இடத்தை ஒரேயடியாக நாலு ஜிபிக்கு ஏற்றிவிட்டது. அந்த டிஸ்க்கில் காலியாக இருந்ததே அவ்வளவுதான் என்று நான் பார்க்கவில்லை. கண்ணுக்கு நேரே அதே பக்கத்தில் எழுதியிருக்கும். அடுத்த கடைக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார், எண்ணைத் தட்டி ஓகே கொடுத்துவிட்டேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எந்த மஞ்சள் கட்டமும் இனி வராதபடி எச்சரிக்கைகள் மொத்தத்தையும் அணைத்துவிட்டேன். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்வதும் அதே மாதிரி ஒரு மஞ்சள் கட்டம்தான். அதையும் சேர்த்து அணைத்தாயிற்று.

ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே பதில் கிடைத்திருக்கும். லேப் முதலாளி வீட்டில் இருந்தபடி லேபைப் பார்க்க ஆசைப்பட்டு, ஒரு வாரத்துக்கு முன்னால் யாரையோ வைத்துக் கேமரா சாப்ட்வேரை அதே பெட்டியில் போட்டிருந்தார். மெமரியைத் தின்றது அதுதான். பிடிக்கிற படங்களையெல்லாம் அதே டிஸ்க்கில் சேமித்து மிச்சம் மீதி இடத்தையும் நிரப்பியது. நாலு நிமிடம் உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். வேங்கிக்காலில் என் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுமதி போன்.

"சார், மொத ஆளோட ரிப்போர்ட்டே அடுத்த அஞ்சு பேருக்கும் வந்திருக்கு."

"பிரிண்ட்டு தெரியாம அஞ்சு தடவை குடுத்திருப்பே."

"பேரு வேற வேற சார். நம்பரு மட்டும் ஒண்ணு. கவுன்ட்டர்ல இருக்கற அக்காவால கூட்டத்துல உள்ள வர முடியல, நானே ரத்தமும் எடுத்து ரிப்போர்ட்டும் குடுத்துக்கிட்டிருந்தேன். ஏழாவது ஆளுக்குக் கையெழுத்து போடும்போதுதான் இந்த நம்பரை எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு ஆபீஸ் காப்பியை எடுத்துப் பாத்தேன். ரிப்போர்ட்டுல இருக்கற பதினெட்டு நம்பரும் அப்படியே இருக்கு சார். ஏழாவதை நிறுத்திட்டேன். அஞ்சு தப்பா வெளிய போயிடுச்சு."

கையைக் கழுவினேனா இல்லையா என்று நினைவில்லை. தடுப்பு வரைக்கும் பைக்கில் போய், அங்கே அதை விட்டுவிட்டு, கூட்டத்துக்குள் முட்டி மோதி நடந்து லேபை அடைய முக்கால் மணி நேரம் ஆனது. எனக்குச் சர்க்கரை உண்டு, மூச்சு வாங்கியது. போய்ச் சேர்ந்ததும் பழக்க தோஷத்தில் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"அது கிடக்கட்டும் சார், மொதல்ல இதைப் பாருங்க" என்று சுமதி ஒரு காகிதத்தை நீட்டினார்.

நான் வருவதற்குள் அந்தப் பெண் என்ன செய்திருந்தார் தெரியுமா? ஐந்து பேரின் ரத்தமும் டியூபில் இருந்தது. அதைத் திரும்ப மெஷினில் விட்டு, மெஷினிலேயே இருக்கிற சின்ன ஸ்கிரீனைப் பார்த்து, கம்ப்யூட்டரை நம்பாமல் கையால் எழுதி வைத்திருந்தார். நாலு பேருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களுக்குப் போனும் போட்டுச் சொல்லிவிட்டார். ஐந்தாவது பெயர் ஹரிணி, வயது ஒன்பது, நாலு நாள் காய்ச்சல். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். நாங்கள் கொடுத்த ரிப்போர்ட்டில் அவளுடைய தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம். சுமதி எழுதி வைத்திருந்தது இருபத்தெட்டாயிரம்.

"டெங்கு மாதிரி இருக்கு சார். அவங்களை அனுப்பின டாக்டருக்குப் போன் பண்ணேன். ரிப்போர்ட்டு நார்மல்னு மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாராம். உடனே ஆஸ்பத்திரில சேக்கணும், எங்க இருந்தாலும் பிடிங்கன்னு கத்தறாரு. குழந்தை வீட்டு போன் நம்பர் போகவே மாட்டேங்குது சார், பத்து தடவை போட்டுட்டேன்."

அவரைத் தொடர்ந்து போன் போடச் சொல்லிவிட்டு டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். காலி இடம் பூஜ்யம். ரெண்டு நிமிடத்தில் முழுசும் புரிந்துவிட்டது. புது ரிப்போர்ட்டைச் சேமிக்க இடமில்லை. அந்தக் கிழட்டு சாப்ட்வேருக்கு அதைச் சொல்லவும் தெரியவில்லை. கடைசியாகச் சேமித்திருந்த எண்களை எடுத்துப் புதுப் பெயருக்குக் கீழே அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. சொல்லத் தெரிந்த ஒரே ஆளான அந்த மஞ்சள் கட்டத்தின் வாயை நான் அடைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி போனில் வந்தார். கேமராவில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன சார், வைரஸா?"

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் தப்பித்தேன். யார் கேட்கப் போகிறார்கள்? என் நாக்கு நுனி வரை வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் வைரஸ் என்று சொல்லிவிட்டால் அது எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்றுக் கொடுத்தது சரியா, போன வாரம் கொடுத்தது சரியா? இந்த ஐந்து பேர்தானா? என் தப்பைச் சொன்னால்தான் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, யார் யாருக்குப் போனது என்று கணக்காகச் சொல்ல முடியும். பழுது எங்கே என்று தேடுகிறவன் தன் கையையும் காட்ட வேண்டியிருக்கிறது.

"வைரஸ் இல்லை. நேத்து நான் செட்டிங்கை மாத்தினேன், எச்சரிக்கையையும் அணைச்சேன். இன்னிக்குக் காலைல முதல் ஆளுக்கு அப்புறம் வந்த அஞ்சும் தப்பு. நேத்து வரைக்கும் சரி. அதுல ஒரு குழந்தைக்கு டெங்கு மாதிரி இருக்கு, அவங்க அம்மா கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

"சரி, அந்த அம்மாவைப் பிடிங்க. ஆனா லேப் பேரு வெளிய வரக்கூடாது. வந்துச்சுன்னா கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்துபோன மனிதர்.

அப்போது சுமதிக்கு அந்த எண் கிடைத்துவிட்டது. எடுத்தவர் குழந்தையின் அப்பா. பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். சுமதி போனை என்னிடம் கொடுத்தார்.

"அவகிட்ட போன் இல்லீங்க. இப்பதான் யாருகிட்டயோ வாங்கிப் பேசினா. நார்மல்னு சொல்லிட்டாங்க, பஸ் ஏறப் போறேன்னா. ஏங்க, இன்னா ஆச்சுங்க?"

சொன்னேன். வேறு என்ன செய்ய? ரிப்போர்ட் தப்பு, குழந்தையை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், நான் தேடிப் போகிறேன் என்றேன். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அந்த மனிதர் "ஐயோ, ஐயோ" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

பௌர்ணமிக்கு ஒவ்வொரு சாலையிலும் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையம் போடுவார்கள். கீழ்பென்னாத்தூர் போகிற பஸ் திண்டிவனம் ரோட்டில் நிற்கும். ரெண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். ஓடி, நின்று, மூச்சு வாங்கி, திரும்ப ஓடினேன். ஊரே மலையைப் பார்த்து நடக்கிறது, நான் எதிர்த் திசையில் "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டு போகிறேன். ஒருவர், "பெரியவரே, தப்பான பக்கம் போறீங்க" என்றார்.

அங்கே போனால் முப்பது நாற்பது பஸ் நிற்கிறது. எந்த பஸ்ஸில் தேடுவது? அந்த அம்மாவின் முகம்கூட எனக்குத் தெரியாது. போலீஸ் உதவி மையத்தில் காணாமல் போனவர்களை மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த பெண் போலீசிடம் போய் நின்றேன்.

"யாரைக் காணோம்?"

"யாரும் காணாம போகலம்மா. ஹரிணின்னு ஒரு குழந்தைக்கு ரத்த ரிப்போர்ட்டு தப்பா குடுத்துட்டோம். பஸ் ஏறிடுவாங்க. நிறுத்தணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த லேப்பு? பேரைச் சொன்னாத்தான் அவங்களுக்குப் புரியும். ஹரிணின்னு இங்க நூறு பேரு இருப்பாங்க."

என் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. யார் என்று பார்க்கத் தேவையில்லை. லேப் பெயரைச் சொன்னேன். தெருப் பெயரையும் சொன்னேன். ரிப்போர்ட் தப்பு என்று தெளிவாகச் சொல்லுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் மைக்கில் சொன்னார். அத்தனை கூட்டமும் கேட்டது. ஒரு தடவை, ரெண்டு தடவை. யாரும் வரவில்லை. மூன்றாவது தடவை சொல்லும்போது கிளம்பிப் போய்க்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில் விசில் சத்தம் கேட்டது. பஸ் நின்றது. கண்டக்டர் கையைக் காட்டினார். பின் படியில் ஓர் அம்மா இறங்கினார். ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்திருந்தார். அவ்வளவு பெரிய பிள்ளையை யாரும் இடுப்பில் தூக்க மாட்டார்கள். நடக்க முடியாமல் போயிருந்தது.

"ரிப்போர்ட்டு தப்புன்னு சொன்னாங்களே, எங்களையா சார்? டாக்டரு ஒண்ணுமில்லன்னு சொன்னாரே?"

"இல்லம்மா, இருக்கு. ஏறுங்க" என்று பக்கத்து மருத்துவ முகாமில் நின்ற ஆம்புலன்ஸைக் காட்டினேன். சுமதி எழுதிய காகிதத்தை அதிலிருந்த நர்ஸிடம் கொடுத்தேன். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்த கொஞ்ச நேரத்தில் ஹரிணிக்கு மூக்கில் ரத்தம் வந்தது. அந்த பஸ் போயிருந்தால் அது கிராமத்தில் வந்திருக்கும். அங்கிருந்து திரும்பக் கொண்டுவர அன்றைய கூட்டத்தில் எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து, பௌர்ணமிக்கு முந்தின நாள் சுற்றுக்குப் போன இடங்களுக்கெல்லாம் போய், அணைத்து வைத்திருந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். "நல்லாதானே இருந்துச்சு, ஏன் சார் திரும்பத் தொந்தரவைக் கூட்டறீங்க?" என்று திட்டு வாங்கினேன். முதலாளி இனி லேப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நியாயம்தான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தட்டணுக்களின் கவுன்ட் ஏற ஆரம்பித்திருந்தது, பிழைத்துவிடுவாள் என்று சொல்லியிருந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, கையில் டிரிப்ஸ். அந்த அம்மா கட்டிலில் காலருகே உட்கார்ந்திருந்தார். நான் தள்ளி நின்றேன்.

"லேப்காரரு வந்துட்டுப் போனாரு. மெஷினு பண்ண தப்புன்னு சொன்னாரு" என்றார்.

"மெஷின் பண்ணல. அது ஒரு வாரமா சொல்லிக்கிட்டுதான் இருந்துச்சு. நான்தான் அதைச் சொல்லவிடாம பண்ணிட்டேன்."

"தெரிஞ்சே பண்ணீங்களா?"

"இல்லம்மா. பாக்காம பண்ணேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் தலையணைக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். நாங்கள் கொடுத்த அந்தத் தப்பு ரிப்போர்ட்.

"அப்போ இது யாரோட ரத்தம் சார்?"

"அன்னிக்கு மொதல்ல வந்த ஒரு பெரியவரோடது."

"அவருக்காவது சரியானது போச்சா?"

"போயிருக்கும்மா. அவருக்கு அப்புறம்தான் தப்பாச்சு."

"போயிருக்கும்னா? பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஐந்து டியூபைத் திரும்பச் சோதித்தோம், அந்த முதல் டியூபை யாரும் தொடவில்லை. அதுவும் அதற்கு முந்தின நாள் வந்த யாரோ ஒருவரின் எண்ணாக இருந்திருந்தால்? பிள்ளையைப் பறிகொடுக்க இருந்த ஒரு தாய், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், என்னிடம் கேட்ட கேள்வி இது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த தண்ணீர்.

அங்கிருந்தே சுமதிக்குப் போன் போட்டேன். முதலாளி திட்டினாலும் பரவாயில்லை என்று அந்தப் பெண் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு வந்தார். ரெண்டு பேரும் அந்தப் பெரியவர் வீட்டைத் தேடிப் பிடித்து, நடந்ததைச் சொல்லி, திரும்ப ரத்தம் எடுத்தோம். மனிதர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். வேறொரு லேபில் கொடுத்துப் பார்த்ததில், பழைய ரிப்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே எண்கள் வந்தன.

சாயங்காலம் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை விழித்திருந்தாள். அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டேம்மா. அவரோடது சரியானதுதான். நல்லா இருக்காரு."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்ப சரி" என்றார். பிறகு கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டூலைக் காட்டி, "உக்காருங்க சார்" என்றார்.

உட்கார்ந்தேன்.